பூசான் துறையில் இரண்டு நாள்



பெருநகர் ஒன்றை அறிந்துகொள்ள இரண்டு நாள் போதுமா என்று வினவினால், போதாது என்றே எவரும் விடை கூறுவர். ஆயினும் இன்றைய உலகில் பெரும்பாலோர் மேற்கொள்ளும் பயணங்கள் சனியும் ஞாயிறுமாகிய அவ்விரண்டு நாட்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. தென்கொரியாவில் வாழும் வெளிநாட்டவர் பலர் இவ்வாறு வார இறுதியிற் சென்றுவரும் இடம், அந்நாட்டின் தென்கிழக்குக் கரையிலுள்ள பூசான் என்னும் துறைமுக நகரமாகும். 2004 ஆம் ஆண்டு இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே தொழில் தேடிச் சென்ற இலங்கையரும் அவர்களுள் உளர். வாரம் முழுவதும் தொழிற்சாலையில் உழைத்து, சனிக்கிழமை விடியலில் சிறு பையொன்றைத் தோளிலிட்டுப் புறப்படும் அத்தகைய ஒருவரை மனக்கண்முன் நிறுத்தி, அவரைப் பின்தொடர்ந்து செல்வோம்.

தலைநகராகிய சியோலில் இருந்து பூசானுக்கு ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். 2004 இல் ஓடத் தொடங்கிய அதிவேகப் புகையிரதம் அத்தூரத்தை ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலத்தில் கடந்துவிடுகின்றது. மலைக் குகைகளும் நெல் வயல்களும் மாறிமாறித் தோன்றி மறைய, பாதை முடியும் இடத்தில் நகரமும் கடலும் ஒருங்கே எதிர்ப்படுகின்றன. பூசான் என்னும் சொல்லுக்குக் கிடாரமலை என்பது பொருள். கவிழ்த்த கிடாரம் போன்ற மலையடியிலே தோன்றிய ஊராதலின் அப்பெயர் பெற்றதென்பர். மலைகளுக்கும் கடலுக்கும் இடையே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் இன்று முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். தென்கொரியாவின் இரண்டாவது பெருநகரமும் முதலாவது துறைமுகமும் இதுவே.

நிலையத்தை விட்டு வெளியே வரும் பயணிக்கு முதற் சோதனை மொழியினால் ஏற்படுகின்றது. சியோலிலே கற்றுக்கொண்ட கொரிய மொழி இங்கே பாதிதான் பயன்படும். பூசான் மக்களின் பேச்சு ஏற்ற இறக்கம் மிக்கது. சொற்களைக் குறுக்கி உரத்துப் பேசுவது. ஜகல்சி மீன்சந்தையில் இரு பெண்கள் கதைப்பதைக் கேட்கும் புதியவர், அவர்கள் சண்டையிடுகின்றனர் என்றே எண்ணுவார். உண்மையில் ஒருத்தி மற்றவளைச் சாப்பிட அழைத்திருப்பாள். அச்சந்தையில் வியாபாரம் செய்வோரிற் பெரும்பாலோர் பெண்கள். இறப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் அணிந்து, நீர் நிறைந்த தொட்டிகளில் இருந்து நண்டையும் கணவாயையும் விலாங்கையும் உயிருடன் எடுத்து, கண் இமைக்குமுன் வெட்டித் தருகின்றனர். உணவுக் கடைகளிலே பரிமாறும் பெண்ணை வாடிக்கையாளர் ‘இமோ’ என்று அழைப்பர். தாயின் உடன்பிறந்தாள் என்பது அதன் பொருள். நம் வழக்கிற் சின்னம்மா எனலாம். அச்சொல்லைத் தயங்கித் தயங்கிச் சொல்லும் வெளிநாட்டவருக்குச் சாறு ஓர் அகப்பை கூடுதலாகக் கிடைப்பதும் உண்டு.

சந்தைக்கு அண்மையில் யொங்டோ பாலம் இருக்கின்றது. நகரையும் யொங்டோத் தீவையும் இணைக்கும் இப்பாலம் 1934 இல் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு வழிவிடுவதற்காக அதன் ஒரு பகுதி மேலே உயர்ந்து நிற்கும். 1966 இல் நிறுத்தப்பட்ட அவ்வழக்கம், பாலம் புதுப்பிக்கப்பட்ட பின் 2013 இல் மீண்டும் தொடங்கிற்று. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மணியொலி எழுப்பி வாகனங்களை நிறுத்திப் பாலத்தை உயர்த்துகின்றனர். சுற்றிலும் நிற்போர் படம் பிடிக்கின்றனர், சிறுவர் கைதட்டுகின்றனர். பயணியும் படம் பிடிக்கின்றார். ஆனால் அக்கூட்டத்தில் நிற்கும் முதியோர் சிலர் படம் பிடிப்பதில்லை. வாளா பார்த்துக்கொண்டே நிற்கின்றனர். அதன் காரணத்தை அறிந்துகொண்டால், அவ்விரண்டு நாளிற் காணும் மற்றெல்லாம் வேறு பொருள் பெற்றுவிடும்.

1950 ஆம் ஆண்டு யூன் மாதம் 25 ஆம் திகதி கொரியப் போர் தொடங்கியது. மூன்று நாளிற் சியோல் வீழ்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் நக்டொங் ஆற்றுக்கு இப்பாலுள்ள தென்கிழக்கு மூலை ஒன்றே தென்கொரிய அரசின் வசம் எஞ்சியிருந்தது. அம்மூலையின் துறைமுகம் பூசான். அரசின் தற்காலிகத் தலைநகரமும் அதுவே ஆயிற்று. நாடெங்கும் இருந்து மக்கள் தெற்கு நோக்கி நடந்தனர். புறப்படும்போது, வழியிற் பிரிய நேர்ந்தால் எங்கே சந்திப்பது என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்திலும் எழுந்தது. பூசானைப் பற்றி ஏதுமறியாத வடபுலத்தவரும் கேள்விப்பட்டிருந்த இடம் ஒன்று இருந்தது. வானை நோக்கி உயரும் யொங்டோ பாலமே அது. ஆகவே, அங்கே சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்தனர். வந்து சேர்ந்தோர் நாள்தோறும் பாலத்தடியிற் காத்து நின்றனர். உறவினரின் பெயர்களை எழுதிய தாள்களைப் பாலத்தின் கம்பிகளிற் கட்டினர். காத்திருந்தோருக்குக் குறி சொல்வோர் பாலத்தின் கீழே கடை விரித்தனர். மகன் உயிருடன் இருக்கின்றானா என்பதே பெரும்பாலும் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியாக இருந்திருக்கும்.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், வடகிழக்குக் கரையிலுள்ள ஹுங்னாம் துறைமுகத்தில் இருந்து படைகள் பின்வாங்கியபோது, ஏறக்குறைய ஓர் இலட்சம் பொதுமக்களும் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். ‘மெரெடித் விக்டரி’ என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல் பன்னிரண்டு பயணிகளுக்கு மட்டுமே இடமுடையது. அதில் ஏறக்குறைய பதினாலாயிரம் பேர் நின்றபடியே வந்தனர். நத்தாருக்கு முதல் நாள் கப்பல் பூசானை அடைந்தபோது, நகரில் இனி இடமில்லை என்று கூறப்பட்டது. கப்பல் அங்கிருந்து கொஜேத் தீவுக்குச் சென்றது. அப்பயணத்திலே கப்பலிலே ஐந்து குழந்தைகள் பிறந்தன, இறந்தோர் எவருமில்லை.

கொரியப் போர் என்றதும் இலங்கையின் முதியோர் சிலருக்கு இறப்பர் விலை ஏறிய காலம் நினைவுக்கு வரக்கூடும். 1950, 1951 ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களுக்கும் திறைசேரிக்கும் பெரும் பணம் கொண்டுவந்த அதே போர், பூசானின் மலைச்சரிவுகளிற் கூரையற்ற மக்களைக் கொண்டுவந்து குவித்தது. போருக்கு முன் ஐந்து இலட்சத்துக்கும் குறைவாக இருந்த நகரின் மக்கட்டொகை 1955 இல் பத்து இலட்சத்தைத் தாண்டிற்று.

வந்தோர் எங்கே இருந்தனர்? சனிக்கிழமை மாலையில் மலைமேல் ஏறும் பயணிக்கு இவ்வினாவுக்கு விடை கிடைக்கின்றது. ஆமி என்னும் பகுதியில், யப்பானியர் ஆட்சிக் காலத்து யப்பானியருக்குரிய மயானம் ஒன்று இருந்தது. வேறு நிலம் காணாத அகதிகள் அங்கே குடியேறினர். கல்லறைகளின் அத்திவாரமே வீடுகளின் அத்திவாரமாயிற்று. கல்லறைக் கற்கள் படிகளும் மதில்களும் ஆயின. இன்றும் சில சுவர்களில் யப்பானியப் பெயர்களைக் காணலாம். உயிரோடிருப்பவர்க்கு இடமில்லாத வேளையில் இறந்தோரின் இடத்தை எடுத்துக்கொண்ட அம்மக்கள், அதனை மறந்துவிடவில்லை. தமக்கு உறவல்லாத அந்த ஆவிகளுக்கும் விழா நாட்களிற் சோறும் நீரும் படைத்தோர் அவ்வூரில் இருந்தனர்.

அடுத்த குன்றின் மறுசரிவில் கம்சொன் என்னும் ஊர் இருக்கின்றது. இதுவும் ஐம்பதுகளில் ஏழைகளும் அகதிகளும் கட்டிய குடியிருப்பே. படிப்படியாக அமைந்த வீடுகள், ஒன்று மற்றொன்றின் காட்சியை மறைக்காதபடி கட்டப்பட்டுள்ளன. 2009 இல் ஓவியர் வந்து சுவர்களுக்கு வண்ணந் தீட்டினர். இன்று உலகெங்கிலும் இருந்து பயணிகள் வருகின்றனர். நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் அவ்வூர் கண்ணுக்கு இனியதுதான். எனினும் அவை மக்கள் வாழும் வீடுகள். சன்னலுக்கு அப்பால் ஒரு முதியவள் இராச்சாப்பாட்டுக்கு அரிசி கழுவிக்கொண்டிருக்கலாம். அமைதி காக்குமாறு வேண்டும் அறிவிப்புகள் வழிநெடுக வைக்கப்பட்டுள்ளன. பிறர் வறுமையிற் கட்டியதை வேடிக்கை பார்க்க வருபவர், குரலையேனும் தாழ்த்துதல் கடனன்றோ!

மலையை விட்டு இறங்கினால் போசுப் பகுதியின் பழைய புத்தகத் தெரு. போர்க்காலத்தில், வடக்கே இருந்து வந்த தம்பதியர் ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் பழைய சஞ்சிகைகளைப் பரப்பி விற்றதே அதன் தொடக்கம் என்பர். தலைநகரின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் அப்போது பூசான் மலைகளிற் கூடாரங்களில் நடைபெற்றன. உணவுக்கே வழியற்ற நாளிலும் மாணவர் புத்தகத்தைத் தேடி அத்தெருவுக்கு வந்தனர். கையிற் காசில்லாதபோது வைத்திருந்த புத்தகத்தை விற்று வேறொன்றை வாங்கினர். அகதியான ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளின் படிப்பை மட்டும் கைவிடவில்லை. அந்நாட்டின் பிற்கால உயர்வுக்குக் காரணம் தேடுவோர் தொழிற்சாலைகளை மட்டுமன்றி இச்சிறு தெருவையும் நினைத்தல் வேண்டும்.

இரவு உணவுக்குப் பயணி உண்ணும் ‘மில்மியொன்’ என்னும் குளிர்ந்த நூலுணவுக்கும் இதே வரலாறுண்டு. வடநாட்டார் கறுப்புக் கோதுமை எனப்படும் தானியத்தின் மாவிற் செய்த உணவு அது. பூசானில் அத்தானியம் அரிதாக, உதவியாக வந்த கோதுமை மாவைக் கொண்டு அதைச் செய்யத் தலைப்பட்டனர். இழந்த ஊரின் சுவையை, கிடைத்த மாவிலே மீட்டெடுக்க முயன்றனர். இன்று அது பூசானின் சிறப்புணவு.

ஞாயிறு காலையிற் காணத்தக்கது ஐக்கிய நாடுகள் நினைவு மயானம். 1951 இல் அமைக்கப்பட்ட இம்மயானத்தில் ஏறக்குறைய 2,300 பேர் துயில்கின்றனர். துருக்கியர் மட்டும் 462 பேர். போரில் உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக 40,896 பேரின் பெயர்கள் 2006 இல் எழுப்பப்பட்ட மதிலிற் பொறிக்கப்பட்டுள்ளன. நடுவே ஓடும் சிறு நீரோடை, அங்கே அடக்கஞ் செய்யப்பட்டோருள் மிக இளையவரான, பதினேழு வயது அவுஸ்திரேலியர் டௌன்ட் என்பவரின் பெயர் தாங்கியது. படைகளை அனுப்பாத இந்தியா, 1950 நவம்பரில் மருத்துவப் பிரிவொன்றை அனுப்பிற்று. லெப்டினன்ற் கேணல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் வந்த அப்பிரிவு போர் முடியும்வரை நோயாளரைப் பேணியது.

அம்மயானத்திலே அமெரிக்கத் தளபதி ரிச்சார்ட் விட்கொம் என்பவரும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். 1953 நவம்பர் 27 ஆம் திகதி பூசான் புகையிரத நிலையப் பகுதியிற் பெருந்தீ மூண்டது. ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் வீடிழந்தனர். போரிலே ஒருமுறை வீடிழந்தோரே அவர்களிற் பலர். விட்கொம் படையின் களஞ்சியங்களைத் திறந்து கூடாரமும் உடையும் உணவும் வழங்கினார். 1982 இல் மறைந்தபோது, தம் விருப்பப்படியே பூசான் மண்ணில் இடம்பெற்றார். வெளிநாட்டவர் ஒருவர் ஒரு நகரத்துக்கு உரியவராவது எவ்வாறு என்பதற்கு அவர் சமாதி ஒரு விடை.

எஞ்சிய நேரத்திற் கடலோரமாக அமைந்த யொங்குங் ஆலயத்தையும் ஹேயுண்டேக் கடற்கரையையும் காணலாம். அலைகள் படிக்கட்டை மோதும் அவ்வாலயத்தை 1376 இல் நிறுவியவர் நாவொங் என்னும் துறவி. அவருடைய குருவோ இந்தியாவில் இருந்து சென்ற தியானபத்திரர். அவர் இளமையில் இலங்கைக்கும் வந்து கற்றாரென அவர் வரலாறு கூறுகின்றது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு வெளிநாட்டவரின் சொல் கொரிய மண்ணில் இவ்வாறு வேரூன்றியது. கடற்கரையில் ஒரு குழந்தை ‘அப்பா’ என்று கூவி ஓடுகின்றது. இலங்கைத் தமிழராயின் பயணி சட்டெனத் திரும்பிப் பார்ப்பார். கொரியக் குழந்தைகள் தந்தையை அழைக்கும் சொல்லும் அதுவே. ஒலியொப்புமை கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு நாட்டுதல் ஆகாது. எனினும் ஆண்டுக்கணக்காகத் தன் பிள்ளையைப் பிரிந்திருக்கும் தொழிலாளி ஒருவருக்கு, அந்நொடியில் மொழியாராய்ச்சி எதற்கு?

ஞாயிறு மாலை புகையிரதம் புறப்படுகின்றது. பூசானுக்கு வந்தபோது, அங்குள்ளோர் எல்லாரும் ஊரவர், தாம் ஒருவரே அந்நியர் என்று பயணி எண்ணியிருக்கலாம். இரண்டு நாளின் முடிவில் அவ்வெண்ணம் நிலைப்பதில்லை. சந்தையில் மீன் விற்றவளின் தாயும், புத்தகக் கடைக்காரரின் தந்தையும், கையில் மூட்டையுடன் வழி தெரியாது அதே நிலையத்தில் இறங்கியவர்களாக இருக்கக்கூடும். நகரில் இடமில்லை என்று கப்பலைத் திருப்பிய நாளும் அந்நகரின் வரலாற்றில் உண்டு. இடமற்ற இடத்திலும் இறந்தோரின் நிலத்திலும் இடம் தேடித் தந்த நாட்களும் உண்டு. இடம்பெயர்தல் என்பது என்ன என்பதை இலங்கைத் தமிழ் நேயருக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று யொங்டோ பாலம் உயர்வது கப்பலுக்காக அன்று, காண்போருக்காகவே. ஆயினும் அடுத்த சனிக்கிழமை அது உயரும்போதும், படம் பிடிக்காத முதியவர் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். அவரருகே சென்று நிற்கும் வெளிநாட்டவர், கையிலுள்ள கருவியைச் சற்றுத் தாழ்த்தி அவருடன் சேர்ந்து பார்ப்பாராயின், அந்நகரைக் கண்டவராவார்.