எடுத்த வண்டிக்கு யார் பொறுப்பு?

(வண்டி ஓட்டுநர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தேர்தல் வந்தால் சர்க்காருக்கு வண்டி வேண்டும். ஓட்டு இயந்திரம் போக வேண்டும். போலீஸ் போக வேண்டும். சாவடி அதிகாரிகள் போக வேண்டும். இதற்காகத் தனியார் வண்டிகளை எடுத்துக்கொள்ள 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 160-வது பிரிவில், சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. உத்தரவை மீறினால் 167-வது பிரிவின்படி ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தலுக்கு வண்டி எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. தேர்தல் நமக்கும் வேண்டியதுதான். நல்லபடியாக எடுத்துப்போன வண்டியை ஒடித்துத் திருப்பிக் கொடுத்தால் அந்த நஷ்டம் யாருடையது என்பதே நம் கேள்வி.

"இது வண்டி முதலாளிகள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். பத்து பஸ் வைத்திருப்பவரைப் பற்றி நான் பேசவில்லை. ஆலை மூடியபோது கைக்கு வந்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, வேன் ஓட்டிப் பிழைப்பவரைப் பற்றிப் பேசுகிறேன். இயந்திரத்தால் ஓடினாலும் வேறு எப்படி ஓடினாலும் வாகனம் வாகனமே என்கிறது அந்தப் பிரிவு. படகையும் எடுக்கலாம், பிராணியையும் எடுக்கலாம். ஆக, மாட்டு வண்டிக்காரரும் இதற்குள் அடக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு தோழரின் கதை இது. பதினெட்டு வருஷம் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். ஆலை நின்ற பிறகு தவணையில் வேன் வாங்கினார். தேர்தலுக்கென்று அதை எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது முன் பக்கத்து ஸ்பிரிங் பட்டை ஒடிந்திருந்தது, கண்ணாடி விரிந்திருந்தது, ஸ்டெப்னி டயரைக் காணோம். "வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். அவர் தயங்கினார். "போடுங்கள் அண்ணே, வண்டி முதலில் வீட்டுக்கு வரட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நான்தான். அவர் போட்டார். வாடகை பல மாதம் கழித்து வந்தது. ரிப்பேர்ச் செலவைக் கேட்டபோது அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். தவணைக்காரன் தேர்தலைப் பார்த்துக் காத்திருப்பானா? அந்த வீட்டு அம்மாளின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதில் கற்றதையே இங்கே சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 161-வது பிரிவின்படி, எடுத்த வண்டிக்கு அந்த வட்டாரத்தில் நடப்பிலுள்ள வாடகையை அடிப்படையாக வைத்து நஷ்டஈடு கொடுக்க வேண்டும். தொகை போதாது என்றால் குறித்த கெடுவுக்குள் மனுச் செய்து மத்தியஸ்தரிடம் விடும்படி கேட்கலாம். வண்டி தவணைக் கொள்முதலில் இருந்தால், ஓட்டிப் பிழைப்பவருக்கும் அந்தத் தொகையில் பங்கு உண்டு. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் வண்டி உடைந்தால் என்ன என்று அந்தப் பிரிவில் தனியாக ஒரு சொல் கிடையாது.

சட்டம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாத விஷயமா? 1952-ல் நிலத்தையும் கட்டடத்தையும் சர்க்கார் எடுப்பதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். அதன் 8-வது பிரிவில், சாதாரணத் தேய்மானம் போக, சர்க்கார் வசம் இருந்த காலத்தில் ஏற்பட்ட சேதத்துக்கும் ஈடு உண்டு என்று தெளிவாக எழுதினார்கள். மாளிகையின் சுவர் இடிந்தால் சட்டத்துக்குக் கண் தெரிகிறது. வண்டியின் அச்சு முறிந்தால் தெரியவில்லை!

கோர்ட்டுகள் ஒரு வழி காட்டியிருக்கின்றன. இமாசலப் பிரதேசத்தில் தேர்தலுக்காக எடுக்கப்பட்ட வண்டி மோதி ஓர் உயிர் போயிற்று. வண்டி அப்போது சர்க்காரின் கட்டுப்பாட்டில் இருந்தது, ஆகவே பொறுப்பு சர்க்காருடையது, சொந்தக்காரருடையது அல்ல என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அஸ்ஸாம் வழக்கு ஒன்றிலும் 2014-ல் இதே நியாயத்தைச் சொன்னது. இவை விபத்தில் மாண்டவர்களின் குடும்பத்துக்கான ஈட்டைப் பற்றிய வழக்குகள். ஆனால் வண்டி சர்க்காரின் கையில் இருந்ததால் மாண்டவருக்குச் சர்க்கார் பொறுப்பென்றால், அதே கையில் உடைந்த வண்டிக்கு மட்டும் பொறுப்பில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இனிச் செய்ய வேண்டியது என்ன?

வாய்மொழியாகக் கேட்டால் வண்டியைக் கொடுக்காதீர்கள். உத்தரவு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கொடுக்கும்போது கிலோமீட்டர் கணக்கு, டயர் நம்பர்கள், பாட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி, இருப்பிலுள்ள டீசல் எல்லாவற்றையும் பட்டியல் எழுதி அதிகாரியின் கையெழுத்து வாங்குங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வண்டியுடன் போகும் ஓட்டுநர் தினசரி எங்கே, எத்தனை மைல் என்று குறித்து வரட்டும். பள்ளத்தில் இறங்கினால் அன்றே எழுத்தில் தெரிவிக்கட்டும்.

திரும்ப வாங்கும்போது சேதத்தை அதே தாளில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். எழுத விடாவிட்டால் அன்றைக்கே கலெக்டருக்கு மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரிப்பேர் செய்வதற்கு முன் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிச் சான்று கேளுங்கள். பட்டறைக்காரரின் மதிப்பீட்டையும் இணையுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தகவல் கொடுங்கள்.

தனி ஆளாகப் போனால் ஜன்னலுக்கு ஜன்னல் அலைய விடுவார்கள். எல்லோருடைய கணக்கையும் ஒரே மகஜராகச் சேர்த்துச் சங்கத்தின் மூலம் கொடுங்கள். எழுதத் தெரியாத வண்டிக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆலைத் தோழர் துணை போகட்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. சேதத்துக்கும் ஈடு உண்டு என்று 161-வது பிரிவில் எழுத வேண்டும். வாடகையை வண்டி விடுவித்தவுடன் காலக்கெடு வைத்துக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, வண்டியோடு போகும் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் கூலியும் சாப்பாடும் உறுதி செய்ய வேண்டும்.

அடுத்த தேர்தலுக்கு வண்டி கேட்டு வருவார்கள். கொடுப்போம். பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வராவிட்டால், எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்போம்!