பழைய தமிழ்க் கோப்புகளும் புதிய விண்டோஸும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. அன்றிலிருந்து பேலியகொடையில் நான் நடத்தும் கணினி திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். "விண்டோஸ் 11 போடலாமா? போட்டால் உள்ளே இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்குமா?" முதல் கேள்விக்குக் கணினியே பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இரண்டாவதற்கு வருகிறேன்.

விண்டோஸ் 11 ஓட 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி வட்டும் வேண்டும். இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் செக்கியூர் பூட் வசதியும் வேண்டும். மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு செயலி இதையெல்லாம் பார்த்துச் சொல்லும். அது "டிபிஎம் இல்லை" என்று சொன்னவுடன் புதிய கணினி வாங்க பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். பல கணினிகளில் அது உள்ளேயே இருக்கிறது, பயோஸில் அணைத்து வைத்திருக்கிறார்கள். இன்டெல் பலகைகளில் பிடிடி என்றும் ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருக்கும். அதை இயக்கிவிட்டால் சரி.

பயோஸில் கை வைக்க முன்னர் இரண்டு எச்சரிக்கைகள். வட்டு பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஏனென்றால் பயோஸில் சின்ன மாற்றம் செய்தாலும் கணினி அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். அடுத்தது, பழைய முறையில், அதாவது எம்பிஆர் வட்டில் நிறுவிய விண்டோஸாக இருந்தால் செக்கியூர் பூட்டை நேரே இயக்க முடியாது. வட்டை ஜிபிடி முறைக்கு மாற்றாமல் பயோஸை மட்டும் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் கணினி விண்டோஸைக் கண்டுபிடிக்காமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும். அப்படி நின்றால் எதுவும் அழிந்துபோகவில்லை. பயோஸைப் பழையபடி மாற்றுங்கள், பழைய விண்டோஸ் திரும்ப எழும்பும்.

கணினி தகுதி பெறவே இல்லை என்றால்? 2026 ஒக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறுவதற்குப் பதிவு செய்துகொள்ளலாம். அல்லது லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். பழைய கணினிகளில் அது சிறப்பாக ஓடுகிறது, தமிழும் ஒழுங்காகத் தெரிகிறது.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த இலங்கையில், நிறுவும்போது இடையில் மின்சாரம் நின்றுவிடலாம் என்பதை விளக்கத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பேலியகொடை மீன் சந்தையில் மொத்த வியாபாரம் செய்கிற ஓர் ஐயா, இராமுழுக்க வேலை செய்துவிட்டு வந்து, அன்று காலைதான் வீட்டுக் கணினியில் விண்டோஸ் 11 ஏற்றத் தொடங்கியிருந்தார். பாதி ஏறும்போது திரை அணைந்தது. கடன் வாங்கியவர்களின் கணக்கு முழுக்க அதற்குள்ளே. மின்சாரம் வந்த பிறகு கணினி "மாற்றங்களைத் திருப்பி எடுக்கிறேன்" என்று ஒரு வரியைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றது. பொறுமை இழந்து சுவிட்சை அழுத்தப் போகும்போது எனக்கு அழைத்தார். "ஐயா, தொடாதீங்க. சாப்பிட்டுட்டுப் படுங்க. வட்டு விளக்கு மினுங்குற வரைக்கும் அது வேலை செய்யுது" என்றேன். மாலையில் பழைய விண்டோஸ் 10 திரும்ப வந்தது. கணக்கில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்றால், மேம்படுத்தும்போது பழைய விண்டோஸ் உடனே அழிக்கப்படுவதில்லை. புதியது ஒழுங்காக எழும்பும் வரை பழையது ஒதுக்கி வைக்கப்படுகிறது. எல்லாம் முடிந்த பிறகும் "விண்டோஸ் டொட் ஓல்ட்" என்ற கோப்புறையில் 10 நாட்களுக்கு இருக்கும். அந்த 10 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் போய்ப் பழையதற்குத் திரும்பலாம். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தேவைப்படும். இதற்கிடையில் ஒரு வேண்டுகோள்: யுபிஎஸ் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருந்தாலும் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

இடையில் நின்று பிழை எண் காட்டினால் பயப்பட வேண்டாம். எண்ணின் கடைசியில் 0070 என்று இருந்தால் சி வட்டில் இடம் போதவில்லை என்று அர்த்தம். சீ 1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் ஒத்துவரவில்லை. பிரிண்டர், பென் டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். விசைப்பலகையும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட வைரஸ் காப்பு மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப முயலுங்கள். என் கடைக்கு இந்த எண்ணோடு வரும் கணினிகளில் பாதிக்கு மேல் இதோடு சரியாகிவிடுகின்றன. இன்னொன்று, உங்கள் கணினியின் வைஃபை டிரைவரை முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். புதிய விண்டோஸ் இணையம் இல்லாமல் எழும்பினால் டிரைவரைத் தேடவும் வழி இருக்காது.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விடயம்.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் ஒருவர் இருக்கிறார். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு எடுத்தவர். அவருடைய கணினியில் வேறு யாரோ புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டொகியுமென்ட்ஸ் கோப்புறையை மட்டும் நகல் எடுத்து, வட்டைத் துடைத்து, திரும்ப வைத்திருக்கிறார்கள். கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. திறந்தால் ஓர் எழுத்துக்கூடத் தமிழில் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ரீச்சர் என்னிடம் வந்து, "தம்பி, இருபது வருசத்து வினாத்தாளையும் வைரஸ் திண்டிட்டுது. அழிச்சுப்போட்டு விடுவம் எண்டு நினைச்சன், மனம் வரேல்லை" என்றார்.

நல்லவேளை, அவருக்கு மனம் வரவில்லை. நேயர்களே, அது வைரஸ் இல்லை, பாமினி.

1990களிலும் 2000களிலும் இலங்கையில் தமிழ் தட்டியவர்களில் பெரும்பாலோர் பாமினி என்ற எழுத்துருவில்தான் தட்டினார்கள். கொட்டாஞ்சேனை அச்சகங்களில் கலியாணக் கார்ட், வெள்ளவத்தை கொமியூனிகேஷன்களில் மரண அறிவித்தல், பாடசாலைகளில் தவணைப் பரீட்சைத் தாள் எல்லாம் பாமினிதான். அது எப்படி வேலை செய்தது என்றால், கணினிக்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருந்தார்கள். "தமிழ்" என்று எழுத ஜே, கே, பி, ஓ, அதன்பின் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் ழகரத்துக்கு மேல் புள்ளியாக நின்றது. கோப்புக்குள் பதிவாகியிருப்பது இன்றைக்கும் அந்த ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு கணினியில் இருந்தால் திரையில் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் ஜேயும் கேயும் தெரியும். எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸ் கோப்புறைக்குள்ளே ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில். வட்டைத் துடைத்துப் புதிதாகப் போடும்போது அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. நகல் எடுத்தவர் டொகியுமென்ட்ஸை எடுத்தார், ஃபொன்ட்ஸை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே ரீச்சரின் வேலை ஐந்து நிமிட வேலை. கோப்பைத் திறந்து, புரியாத வரியைத் தெரிவு செய்து, மேலே எழுத்துருவின் பெயர் வரும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டி பழைய பெயரைக் காட்டும். பெயர் தெரிந்தால் அந்த எழுத்துருவைத் தேடி எடுத்து நிறுவலாம். வட்டைத் துடைக்காமல் மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால், முன்னர் சொன்ன விண்டோஸ் டொட் ஓல்ட் கோப்புறைக்குள் ஃபொன்ட்ஸ் இருக்கும், அது போய்விட முன்னர் எடுத்துவிடுங்கள். என் மேசையில் வினாத்தாள் தமிழாக மாறியபோது ரீச்சர் முதலில் செய்தது, ஒரு கேள்வியில் இருந்த சந்திப் பிழையைத் திருத்தியது.

ஆனால் எழுத்துருவை நிறுவுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கோப்பைத் தொலைபேசியில் அனுப்பினால் மகனுக்கு ஜேயும் கேயும்தான் தெரியும். கணினியில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. இதற்குத் தீர்வு யுனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறை. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த எண்கள் இருக்கின்றன. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. விண்டோஸ் 2000 முதல் விண்டோஸ் அதைப் புரிந்துகொள்கிறது. இலங்கையும் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தரத்தில் அதையே ஏற்றுக்கொண்டது. பாமினியை யுனிகோட்டாக மாற்றும் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் ஓர் அக்கா, பழைய நினைவு மலர் ஒன்றை முழுவதுமாக மாற்றியில் போட்டுவிட்டார். தமிழ் வந்தது. ஆனால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் விலாசங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவை வாயில் நுழையாத தமிழாக மாறிவிட்டன. காற்புள்ளி இருந்த இடமெல்லாம் "இ" வந்து நின்றது, ஏனென்றால் பாமினியில் காற்புள்ளிச் சாவிதான் இகரம். பழைய இணையப் பக்கங்களில் "யாழ்ப்பாணம்இ கொழும்புஇ" என்று பார்த்திருப்பீர்கள் அல்லவா? அது இப்படி வந்ததுதான். ஆகவே ஆங்கிலப் பகுதிகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை வாசியுங்கள். பழைய கோப்பையும் அழிக்காமல் வையுங்கள்.

"எனக்குக் கை பாமினிக்குத்தானே பழகியிருக்கு" என்று தட்டெழுதுகிறவர்கள் கேட்பார்கள். கை மாறத் தேவையில்லை. இ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. நீங்கள் பழகிய சாவியையே அழுத்துவீர்கள், விழுவது யுனிகோட் எழுத்து. உங்கள் பழைய தமிழ் மென்பொருள் விண்டோஸ் 95 காலத்து 16 பிட் நிரலாக இருந்தால் மட்டும் அதை மறந்துவிடுங்கள். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட், அங்கே அது திறக்காது.

லதா எழுத்துருவில் எழுதியவர்களுக்கும் ஒரு சொல். விண்டோஸ் 10இலிருந்து லதா எல்லாக் கணினியிலும் தானாக வருவதில்லை. அது இல்லாத இடத்தில் வேறொரு எழுத்துரு புகுந்து, வரிகள் முறியும் இடம் மாறி, பக்க அமைப்பே குலைந்துவிடலாம். செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, அதில் தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸைச் சேர்த்தால் லதா வந்துவிடும்.

நேரம் முடிகிறது. இந்த வார இறுதியில் யாராவது விண்டோஸ் 11 போடப் போகிறீர்கள் என்றால், டொகியுமென்ட்ஸோடு ஃபொன்ட்ஸ் கோப்புறையையும் ஒரு வெளி வட்டில் நகல் எடுங்கள், மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகு. அப்படி எடுக்கும்போது, அப்பாவினதோ அப்பம்மாவினதோ அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலர், வம்சாவளியோடு, பழைய பாமினிக் கோப்பாகக் கண்ணில் படலாம். அதை யுனிகோட்டாக மாற்றி, 2005இலிருந்து நம் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.