லோடு வண்டியும் ஆயில் ஃபில்டரும்: நம் வளாகத்துச் சாய்தளம் எதற்காக?

(லோடு வண்டி ஓட்டும் சகோதரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நம் அறக்கட்டளை வளாகத்தில் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



அறக்கட்டளைக் கூட்டம் என்றால் ஜகாத், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மருத்துவ உதவி என்று பேசுவது வழக்கம். இன்று ஆயில் ஃபில்டரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் சிலர் சிரித்தார்கள். சிரித்தாலும் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள், அல்ஹம்துலில்லாஹ்.

நம் பைத்துல் மாலின் வட்டியில்லாக் கடனில் வண்டி எடுத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சின்ன யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் என்று வெவ்வேறு வண்டிகள். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றுகிறீர்கள். முள்ளக்காட்டு உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுகிறீர்கள். நீங்கள் கட்டும் தவணைப் பணம்தான் வரிசையில் நிற்கும் அடுத்த சகோதரரின் வண்டியாகிறது. சென்ற ஆண்டு நம்மில் ஒருவருடைய வண்டி மதுரைச் சாலையில் மீன் லோடோடு நின்றுபோனது. இன்ஜின் சீஸ். பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஃபில்டரை வெட்டிக் காட்டினார். மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம் கரிக்களியில் புதைந்து கிடந்தது. மீன் கெட்டது, இன்ஜின் வேலைக்குப் பெரும் பணம் போனது, அவருடைய தவணை நின்றது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்கு இன்னும் வண்டி கொடுக்க முடியவில்லை. ஒரு ஃபில்டர் அடைத்ததில் இரண்டு குடும்பங்கள் தடுமாறிவிட்டன.

அவரைக் குறை சொல்ல நாம் கூடவில்லை. ஏன் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போடுகிறீர்கள் என்று வண்டிக்காரர்கள் பலரிடமும் விசாரித்தோம். தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. “பட்டறையில் விட்டால் ஒரு நாள் வாடகை போகுது பாய்” என்றார்கள். நாமே செய்யலாம் என்றால் மணலில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைய வேண்டும், ஃபில்டர் கைக்கு எட்டாத சந்தில் இருக்கிறது, கழற்றினால் ஆயில் முழங்கை வழியாக அக்குள் வரை வழிகிறது, பழைய ஆயிலை எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை என்றார்கள். எல்லாம் நியாயமான பதில்கள். எனவே இன்னொரு முறை புத்திமதி சொல்வதை விட அந்த வேலையையே சுலபமாக்கிக் கொடுப்பது மேல் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது.

முதலில் ஃபில்டர் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆரம்பகால மோட்டார் வண்டிகளில் ஃபில்டரே கிடையாது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் இன்ஜின் ஆயிலை வடிகட்டும் கருவியைக் கொண்டு வந்தார்கள். டப்பாவோடு திருகிக் கழற்றும் வகை 1950-களில் பரவியது. உள்ளே மடித்து வைத்த காகிதம், நடுவே துளையிட்ட குழாய், இரண்டு சிறு வால்வுகள், அவ்வளவுதான். ஒரு வால்வு, இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் பின்னால் வடிந்துவிடாமல் தடுக்கிறது. இன்னொன்று பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால் இது திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே இன்ஜினுக்குள் விடும். ஆயிலே போகாமல் இருப்பதை விட அழுக்கு ஆயில் போவது பரவாயில்லை என்ற கணக்கு. அதனால்தான் ஃபில்டர் அடைத்த பிறகும் வண்டி வழக்கம்போல் ஓடுகிறது, நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அத்தனை அழுக்கும் பேரிங்கில் அரைபட்டுக்கொண்டிருக்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவது? உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. கடுமையான பயன்பாடு என்று அதில் தனியாகக் குறைத்துப் போட்டிருந்தால், அந்தக் கணக்குதான் நம் ஊருக்கு. இங்கே உப்புக் காற்று, அங்கே குதிரைமொழித் தேரியின் செம்மண் தூசி. இன்னொன்றும் உண்டு. துறைமுக வாசலில் வரிசையில் நின்றபடி இன்ஜின் ஓடும் நேரம் கிலோமீட்டரில் ஏறாது, ஆயிலில் மட்டும் ஏறும்.

இனி நம் ஏற்பாட்டுக்கு வருவோம். வளாகத்தின் பின்புறம் இரண்டு சிமெண்ட் சாய்தளங்கள் கட்டியிருக்கிறோம். லோடு இறக்கிய வண்டியின் முன் சக்கரங்கள் அதில் ஏறி மேலே தட்டையான இடத்தில் நிற்கும். உருளாமலிருக்க முன்னே தடுப்பு இருக்கிறது. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டுவிட வேண்டும். ஜாக்கி மட்டும் கொடுத்த வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது. அவசரமானாலும் சரி, ஐந்து நிமிட வேலையானாலும் சரி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத் நாம்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால் அழுக்கோடு சேர்ந்து வடியும். ஓட்டி வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும், ஆறவிட வேண்டும். டிரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனரே போடுங்கள். மீன் தண்ணீரும் உப்பும் பட்டுத் துருவேறிய போல்ட்டில் ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும், பிறகு பட்டறைக்குத்தான் போக வேண்டும். போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுவது நல்லது.

ஃபில்டரைக் கழற்றுவதுதான் எல்லோரையும் அலுக்க வைக்கும் இடம். பல பிக்கப்புகளில் ஃபில்டர் படுக்கைவசமாக, சட்டத்துக்கு நேர் மேலே இருக்கிறது. திருகியவுடன் ஆயில் சட்டத்தில் கொட்டி, ஒரு வாரத்துக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். வீட்டு வாசல் முழுக்கக் கறை, வீட்டில் ஏச்சு. இதற்கு ஒரு எளிய வழி. காலியான ஐந்து லிட்டர் ஆயில் கேனை நீளவாக்கில் வெட்டினால் ஓடு போல இரண்டு துண்டு கிடைக்கும். ஒன்றை ஃபில்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சரிவாகச் செருகிவிட்டால் ஆயில் நேராகக் கீழே வைத்த தட்டில் விழும். சந்து குறுகலாக இருந்தால் தடித்த அலுமினியத் தாளை மடித்து அதே போல வைக்கலாம். இன்னொரு வழி, கழற்றுவதற்கு முன்பே ஃபில்டரின் அடிப்பக்கம் ஆணியால் ஒரு துளையும் மேல்பக்கம் ஒரு துளையும் போட்டுவிடுவது. மேல்துளை வழியாகக் காற்றுப் போகும், கீழ்த்துளை வழியாக ஆயில் தட்டில் வடிந்துவிடும். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை ஃபில்டர் மேல் மாட்டிக்கொண்டு திருகினால், கழன்ற ஃபில்டர் பைக்குள்ளேயே விழும். ஒரே எச்சரிக்கை: புது ஃபில்டர் கையில் இருந்து, அது இந்த வண்டிக்குரியதுதான் என்று பார்த்த பிறகே துளை போட வேண்டும். துளை போட்ட ஃபில்டரோடு கடைக்கு ஓட்டிப் போக முடியாது.

கைக்கு வழுக்கும் ஃபில்டருக்கு பெல்ட் ஸ்பேனரும், பல அளவுகளில் தொப்பி போல மாட்டும் கப் ஸ்பேனர்களும் பொதுப் பெட்டியில் வாங்கி வைத்திருக்கிறோம். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்புவதைப் பழக்கமாக்க வேண்டாம், தகடு கிழிந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. உண்மையில், ஃபில்டர் கழற்ற வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், போன தடவை மாட்டியவர் ஸ்பேனர் போட்டு இறுக்கியதுதான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு ஏறக்குறைய முக்கால் சுற்று போதும். டப்பாவின் மேலேயே எத்தனை சுற்று என்று அச்சிட்டிருப்பார்கள், அதுவே கணக்கு. மாட்டுவதற்கு முன் இன்ஜின் பக்கத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஒட்டியிருந்து அதன் மேல் புதியதை மாட்டினால், வழியில் ஆயில் முழுதும் பீய்ச்சிக்கொண்டு போய்விடும்.

ஆயில் ஊற்றிய பின் இன்ஜினை ஓடவிட்டால் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அதுவரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது. கசிவு இல்லையென்று பார்த்து, வண்டியைச் சமதளத்தில் இறக்கி, சற்று நேரம் விட்டுத்தான் டிப் ஸ்டிக்கில் அளவு பார்க்க வேண்டும். சாய்தளத்தில் பார்த்த அளவு பொய்யான அளவு.

டிரெயின் போல்ட்டுக்குப் பதிலாகத் திருகினால் ஆயில் வடியும் குழாய் வால்வு ஒன்று கடைகளில் கிடைக்கிறது, வாங்கிப் போடலாமா என்று வாலிபர்கள் கேட்டார்கள். வசதியான பொருள்தான். ஆனால் அது சம்ப்புக்குக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். உப்பளக் கரைகளில் ஏறி இறங்கும் வண்டிக்கு அது வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஃபில்டரைக் குழாய் இழுத்து வேறு இடத்தில் மாட்டும் வேலையும் அப்படித்தான், கூடுதல் இணைப்பு ஒவ்வொன்றும் கசிவுக்கு இன்னொரு வாசல்.

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியைக் கம்பெனி சர்வீசுக்கே விடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் கரி வடிகட்டி இருந்தால், அதற்கென்றுள்ள சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். விலை குறைவு என்று பழைய ரக ஆயிலை ஊற்றினால் அந்த வடிகட்டி நாளடைவில் அடைத்துவிடும். அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

அடுத்தது பழைய ஆயில். இதுவரை அது எங்கே போய்க்கொண்டிருந்தது? மணலில் குழி தோண்டி ஊற்றினோம், சாக்கடையில் விட்டோம், அது பக்கிள் ஓடை வழியாகக் கடலுக்குப் போனது. சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொடுத்தோம், கரையானுக்கு அடித்தோம். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் பழைய ஆயிலை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் பழைய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பவர்கள் மேலும் சுமத்தப்பட்டிருக்கிறது. ஒரு தடவை மாற்றும்போது வடியும் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் தெருக்களின் கிணறுகளை நினைத்துப் பாருங்கள்.

கடலையும் நினைக்க வேண்டும். நம் முன்னோர்களில் பலர் முத்தாலும் சங்காலும் பிழைத்தவர்கள். இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது, அதற்குக் காரணங்கள் பல. ஆனால் சிப்பி இன்னும் அந்தப் பார்களில் வாழ்கிறது, சங்கு குளிக்கும் சகோதரர்கள் இன்றும் மூழ்குகிறார்கள். முத்துச்சிப்பி கடல்நீரை இழுத்து வடிகட்டித்தான் இரை எடுக்கிறது. அதுவும் ஒரு ஃபில்டர்தான், ஆனால் அதற்கு மாற்று ஃபில்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது. பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மக்தபில் படித்த நாம், கடலிலும் கிணற்றிலும் இடைஞ்சலை ஊற்றிவிட்டு வரலாமா?

எனவே சாய்தளத்தின் அருகில் மூடியுள்ள பேரல் வைத்திருக்கிறோம். அதில் ஆயில் மட்டும். தண்ணீர், டீசல், பிரேக் ஆயில் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது. கழற்றிய ஃபில்டரைக் கம்பி வலை மேல் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள், ஒரு இரவு வடிய வேண்டும்.

இனி நம் ஆட்களிடமே கேட்கக் கூடிய கேள்வி ஒன்று. கையிலும் உடையிலும் ஆயில் இருப்பதால் ஜமாஅத்துக்கு வரத் தயங்குகிறோம் என்று சிலர் சொன்னார்கள். இன்ஜின் ஆயில் அழுக்குதான், நஜீஸ் அல்ல. தோலில் கறையும் மினுமினுப்பும் மட்டும் மிஞ்சியிருந்தால் உளூவுக்குப் பாதகமில்லை. தண்ணீர் தோலில் படாதபடி கெட்டியாக அப்பிய கிரீஸ் இருந்தால் அதை நீக்க வேண்டும், நகத்தடியில் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்த்து, கடலைமாவு போட்டு உருட்டி, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். டீசலில் கை கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சரியாகச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பழைய ஆயில் கையில் நாள் முழுக்க ஊறுவது நல்லதல்ல. ஆதலால் பெட்டியில் கையுறையும் வைத்திருக்கிறோம், கூச்சப்படாமல் போடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை தருகிறோம். ஆயில் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர் மூன்றும் அதில் இருக்கும். அதை வண்டியில் வைத்தால் காணாமல் போகும், அடுப்படிக் காலண்டருக்குப் பக்கத்தில் நீங்கள் மாட்டி வையுங்கள். வாரம் ஒரு முறை “மீட்டர் எவ்வளவு?” என்று கேளுங்கள். ஆயில் பட்ட துணிகளைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறப்போட வேண்டாம்.

சாய்தளத்தின் சாவியும் கருவிப் பெட்டியும் அலுவலகத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் மஃரிப் வரை பயன்படுத்தலாம். இதற்குக் கட்டணம் இல்லை, நம் ஜமாஅத்தாராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்களோடு துறைமுகத்தில் வரிசையில் நிற்கும் எந்த மதத்து நண்பரையும் அழைத்து வரலாம். முதல் தடவை செய்பவர் தனியாகச் செய்ய வேண்டாம், செய்து பழகிய ஒருவர் கூட இருக்கட்டும். வரும்போது புது ஃபில்டர், ஆயில், வாஷர், வண்டிப் புத்தகம் நான்கையும் கொண்டு வாருங்கள். ஃபில்டரைப் பில்லோடு வாங்குங்கள், போலிகள் நிறைய உலவுகின்றன. கப் ஸ்பேனர்களை எடுத்தவர் அன்றே துடைத்துத் திருப்பி வைக்க வேண்டும். அவை பைத்துல் மாலின் பணத்தில் வாங்கியவை, அமானிதம்.