எங்கள் சாரும் ஆறு பழைய நோட்டுகளும்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஆயர் அம்மா ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையில் டாக்டர்மார் எத்தனை படுக்கை, எத்தனை ஆபரேஷன் என்று கணக்குச் சொல்லுவார்கள். என்னிடம் கணக்கு இல்லை. மரித்துப்போனவர்களின் வீட்டாரோடு உட்காருவது என் வேலை. இன்றைக்கு என் வீட்டாரைப் பற்றியே பேச அனுமதி கேட்டிருக்கிறேன். என் கணவர் 2019-ம் வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கேட்கும்போது சிரிப்பு வந்தால் தயவுசெய்து அடக்கிக்கொள்ள வேண்டாம்.

அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊரெல்லாம் 'சார்' என்று அழைத்தபடியால் எனக்கும் அவர் சார்தான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு நான் ஊழியத்துக்கு வந்தபோது ஜனங்களுக்கு ஒரு சிக்கல். பாஸ்டரின் மனைவியைப் பாஸ்டரம்மா என்பார்கள். பாஸ்டரே பெண்ணாயிருந்தால் அவள் புருஷனை என்னவென்று அழைப்பது? ஒருவருக்கும் தெரியவில்லை. சாரே ஒரு வழி கண்டுபிடித்தார். புதிதாக யாராவது வந்து, "நீங்க யாரு?" என்று கேட்டால், எழுந்து நின்று கைகூப்பி, "நான்தான் இங்க பாஸ்டரம்மா" என்பார்.

எங்களிடம் ஒரு பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர் இருந்தது. அந்த வண்டி வைத்திருந்தவர்கள் இங்கே இருந்தால் உங்களுக்குத் தெரியும். எத்தனை உதை உதைத்தாலும் கிளம்பாது. நன்றாகச் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு உதைக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் பார்க்க, நான் அங்கியும் வேதாகமமுமாக வெயிலில் நிற்பேன். அவர் வண்டியைச் சாய்த்துக்கொண்டு, "அவசரப்படாதே, இதுவும் தலைவணங்கினாத்தான் ஆசீர்வாதம்" என்பார்.

இரவு 9 மணிக்குக் குடும்ப ஜெபம். 9.15-க்கு ரேடியோவில் பிபிசி தமிழோசை. இரண்டுக்கும் நடுவில் என் ஜெபம் நீண்டுபோனால், நான் மூச்சு வாங்கும் இடம் பார்த்து, "ஆமென்" என்று சத்தமாய்ச் சொல்லி எழுந்துவிடுவார். பிள்ளைகளும் அவரோடு சேர்ந்துகொள்வார்கள். 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு அந்த வானொலி ஒலிபரப்பு நின்றுபோயிற்று. மறுநாள் இரவு ரேடியோவைக் கொஞ்ச நேரம் திருகிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இனிமே நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஜெபிக்கலாம்" என்றார். அன்றைக்கு என் ஜெபம் இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர், நான் ஊழியம் செய்கிற வார்டிலேயே கண்ணை மூடினார்.

அடக்க ஆராதனை முடிந்த சாயங்காலம் வீடு நிறைய சொந்தபந்தம். அப்போது ஒரு சின்னப் பையன், "இனிமே தாத்தா வண்டிய யாரு சாய்ப்பா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். வீடு முழுவதும் மௌனமாயிற்று. வயதான ஒரு பெரியம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "ஐயோ பாவம், புத்தி பேதலிச்சுட்டுதே" என்று அழுதார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனாலும் புருஷனை இழந்தவள் சிரித்தால் ஊர் என்ன நினைக்கும் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நான் அவரைப் பற்றிப் பேசவில்லை. என் மனம் நோகுமே என்று மற்றவர்களும் பேசவில்லை. சில மாதங்களில் எங்கள் வீட்டில் அவர் பேரே கேட்கவில்லை. அவரை இரண்டாம் தரம் அடக்கம் பண்ணினதுபோல் இருந்தது.

அப்போதுதான் என் ஊழியத்தையே நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக வார்டிலே நான் செய்தது என்ன? எத்தனை நாளாய் வியாதி என்று கேட்பேன். ஒரு பகுதி வாசிப்பேன். ஜெபிப்பேன். பத்து நிமிஷத்தில் ஆறுதல் சொல்லி முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் அதிகாலையில் கணவனை இழந்த ஒரு கிராமத்துப் பெண், வண்டி வருவதற்காக வராந்தாவில் காத்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கல்லாய் உட்கார்ந்திருந்தாள். வேதாகமத்தைத் திறந்தேன். எனக்கு வார்த்தை வரவில்லை. கையிலிருந்த காப்பியை அவளிடம் கொடுத்து, "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு சீனி போடுவாரும்மா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சுகர் வந்த பொறவும் மூணு கரண்டிம்மா. நான் அந்தப் பக்கம் திரும்பினா நாலு. எனக்குத் தெரியாதுன்னு அந்த மனுசனுக்கு நெனப்பு" என்றாள். சொல்லும்போதே சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அரைமணி நேரம் அவரைப் பற்றியே பேசினாள். வண்டி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் யாருகிட்டச் சொல்லப்போறேன்னு இருந்தேன்" என்றாள்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பற்றி அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்திலிருந்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அவளுடைய நற்கிரியைகளையே பேசினேன். அழுதுகொண்டு நின்ற அந்த விதவைகள் பேதுருவிடம் காட்டியது என்ன? அவள் தைத்துக்கொடுத்த துணிகளை. தினமும் உடுத்துகிற துணிகளை. இதை அந்த வராந்தாவில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

பிற்பாடு சாரின் புத்தகங்களைப் பிரித்து அடுக்கினேன். பழைய லாகரிதம் அட்டவணைப் புத்தகத்திலிருந்து ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் விழுந்தன. எல்லாம் பழைய நோட்டுகள். கூடவே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: "கிறிஸ்துமஸ் சேலை. மயில்கழுத்து நிறம். விலையைச் சொல்லக்கூடாது." விலை தெரிந்தால் நான் கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியில் கட்ட டிசம்பர் 30 வரை தவணை. அந்த ஏழு வாரமும் சார் ஒவ்வொரு அலமாரியாகக் குடைந்துகொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால், "மூக்குக்கண்ணாடி" என்பார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருக்கும்! வயதாகிறது, மறதி என்று நான் கவலைப்பட்டேன். ஒளித்துவைத்த இடம் அவருக்கு மறந்துபோயிருக்கிறது. அதை என்னிடம் சொல்லவும் முடியவில்லை.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். இந்தத் தரம் என் மடிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சாரின் பேர் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

பத்து நோட்டுக்குமேல் வைத்திருக்கக்கூடாது என்று 2017-ல் சட்டம் வந்திருக்கிறது. என்னிடம் ஆறுதான். ஆகவே பயமில்லை, அதே புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. நான் உடுத்தியிருக்கிற சேலையைப் பார்க்கிறீர்கள் அல்லவா? மயில்கழுத்து நிறம். என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். விலையை மட்டும் கேட்காதேயுங்கள்.

பிரியமானவர்களே, உங்கள் தெருவிலும் ஒரு விதவை இருப்பாள். அவளைப் பார்க்கப் போகும்போது, "எப்படி இறந்தார்?" என்பதை மற்றவர்கள் கேட்டு முடித்திருப்பார்கள். நீங்கள் அவர் காப்பியைப் பற்றிக் கேளுங்கள், அவர் வண்டியைப் பற்றிக் கேளுங்கள். அவள் சிரித்தால் கூடச் சிரியுங்கள். அழுதால் எழுந்து போய்விடாமல் பக்கத்தில் இருங்கள்.

பேச்சு நீண்டுபோயிற்று. சார் இருந்தால் இந்நேரம் முந்திக்கொண்டிருப்பார். அவருக்குப் பதிலாக நானே சொல்லிவிடுகிறேன்.

ஆமென்.