காய்க்கு இடம் கொடுங்கள்

ஓவனில் சுட்ட காலிஃபிளவர் பொன்னிறமாக வராமல் குழைந்துபோனால், பலர் அடுத்தமுறை மசாலாவைக் கூட்டிப் பார்க்கிறார்கள். குறை மசாலாவில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. காலிஃபிளவரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912-இல் விளக்கிய பழுப்பேறும் வினையோ, ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் விரைவாக நடக்கும். வறுத்த மணம் அதில்தான் பிறக்கிறது. ஆகவே பூக்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிசிறி, ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்புங்கள். நெருக்கி அடுக்கினால் நீராவியே காயை அவித்துவிடும். முன்பே சூடாக்கிய ஓவனில், 220 டிகிரியில், சுமார் 25 நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டினால் போதும்.

இவ்வளவு சூட்டில் சத்து போய்விடாதா என்று கேட்கலாம். வைட்டமின் சி ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் வேகவைத்து நீரை வடித்தால், வடிநீரோடும் அது போகிறது. இங்கே அந்த இழப்பு இல்லை. மின்செலவு? 1,500 வாட் ஓவன் 40 நிமிடம் ஓடினாலும் 1 யூனிட்தான். கருகும் முன், பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். காய்க்கு இடமும் சூடும் கொடுத்தால், அதன் சொந்தச் சுவையே நம்மைச் சாப்பிட வைக்கும்.