எல்லைக் கல்லுக்கு அப்பாலும் தண்ணீர் ஓடும்

(பொன்முடியில் புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் கூட்டத்தில் அறிவொளித் தொண்டர் ஒருவர் பேசியது)

 

இன்று பஞ்சாயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் பஞ்சாயத்தைப் பற்றி மட்டும் இல்லை. பக்கத்துப் பஞ்சாயத்தைப் பற்றியும் பேசப் போகிறேன்.

நம் பொன்முடி எந்தப் பஞ்சாயத்தில் இருக்கிறது? பெரிங்கமலைப் பஞ்சாயத்தில் இருக்கிறது. 22 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் கல்லாறு வருகிறது. அது விதுரா பஞ்சாயத்து. அங்கே மெம்பர் வேறு, தலைவர் வேறு. வரி கட்டும் அலுவலகமும் வேறு.

ஆனால் தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியுமா? தெரியாது.

நம் மலையில் செம்முஞ்சி மொட்டை என்ற உயரமான இடம் இருக்கிறது. அங்கே பிறப்பதுதான் வாமனபுரம் ஆறு. கல்லாறும் அதில் சேருகிறது. பாலோடு, வாமனபுரம், ஆற்றிங்கல் வழியாக அது ஓடுகிறது. மொத்தம் 88 கிலோமீட்டர் ஓடி, அஞ்சுதெங்கு காயலில் கலக்கிறது. வழியில் எத்தனையோ பஞ்சாயத்துகள். ஆற்றிங்கல் நகராட்சி மக்கள் இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

நாம் ஆற்றின் தலையில் இருக்கிறோம். இங்கே ஒருவர் ஓடையில் எறியும் குப்பை, கீழே இன்னொருவர் குடத்துக்குப் போகிறது. ஆகவே நம் பஞ்சாயத்து ஒரு திட்டம் போட்டால், அது நமக்கு மட்டும் ஆன திட்டம் இல்லை.

பக்கத்து ஊரைக் கேட்காமல் திட்டம் போட்டால் என்ன ஆகும்? நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

விளப்பில்சாலையில் நடந்தது

திருவனந்தபுரம் நகரத்தில் நாள்தோறும் குப்பை மலைபோல் சேர்ந்தது. அதைக் கொட்ட நகரத்துக்குள் இடம் இல்லை. எனவே 2000-ஆம் ஆண்டில் பக்கத்து விளப்பில் பஞ்சாயத்தில் ஓர் ஆலை திறந்தார்கள். இடத்தின் பெயர் விளப்பில்சாலை. குப்பையை உரமாக மாற்றுவதுதான் ஆலையின் வேலை.

குப்பை நகரத்துடையது. ஆலையும் நகரத்துக்காக. ஆனால் நிலமும் காற்றும் கிணறும் விளப்பில் மக்களுடையவை.

வந்த குப்பை முழுவதையும் ஆலையால் உரமாக்க முடியவில்லை. மிச்சம் குவிந்தது. மழை பெய்தபோது குவியலிலிருந்து கறுப்பு நீர் வடிந்தது. அது தோட்டில் இறங்கியது. நாற்றத்தில் மக்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் மனு கொடுத்தார்கள். போராடினார்கள். ஆண்டுகள் போயின.

கடைசியில் 2011 டிசம்பரில் விளப்பில் பஞ்சாயத்தே ஆலையைப் பூட்டிவிட்டது. 2012-இல் நீதிமன்ற உத்தரவோடு போலீஸ் காவலில் லாரிகள் வந்தன. ஆணும் பெண்ணும் குழந்தையும் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். லாரிகள் திரும்பிப் போயின.

இதில் யாருக்கு லாபம்? நகரத் தெருக்களில் குப்பை நாறியது. கிராம மக்களுக்குப் பல ஆண்டு வேதனை. ஆலைக்குப் போட்ட பணமும் வீண்.

அதன் பிறகு நகரம் வேறு வழிக்கு வந்தது. அந்தந்த வீட்டின் சோற்றுக் குப்பையை அந்தந்த வீட்டிலேயே உரமாக்கச் சொன்னார்கள். தெருக்களில் காற்றுப் போகும் உரத் தொட்டிகள் வைத்தார்கள். பூட்டுப் போடுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியிருந்தால்? இந்த வழி முன்பே கிடைத்திருக்கும் அல்லவா?

நம் பெரிங்கமலையிலும் 2018-இல் இதே பயம் வந்தது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை இங்கே வைக்க ஏற்பாடு நடந்தது. மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். காட்டுக்கும் ஆற்றுக்கும் கெடுதி வரும் என்றார்கள். முதலில் கேட்க வேண்டியவர்களைக் கடைசியில் கேட்டால் சண்டைதான் வரும்.

கிள்ளியாற்றில் நடந்தது

இப்போது நல்ல கதை ஒன்று. நெடுமங்காட்டுப் பக்கம் பனவூர் பஞ்சாயத்தில் பிறப்பது கிள்ளியாறு. ஆனாடு பஞ்சாயத்து, நெடுமங்காடு நகராட்சி, கரகுளம் பஞ்சாயத்து வழியாக ஓடி நகரத்துக்குள் போகிறது. பிறகு கரமனை ஆற்றில் கலக்கிறது. இந்த ஆறு சாக்கடைபோல் ஆகியிருந்தது.

ஒரு பஞ்சாயத்து மட்டும் சுத்தம் செய்தால் போதுமா? மேலே இருந்து மறுநாளே குப்பை வரும். எனவே ஆற்றங்கரைப் பஞ்சாயத்துகளும் நகராட்சியும் ஒன்றாகச் சேர்ந்தன. 2018 ஏப்ரலில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். குப்பையை அள்ளினார்கள். புதரை வெட்டினார்கள். அவரவர் பஞ்சாயத்துப் பகுதியை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் நாள் ஒன்று, வேலை ஒன்று.

ஒரு நாள் துப்புரவோடு ஆறு பிழைத்துவிடாது. வீட்டுக் குழாயையும் கடைக் குழாயையும் ஆற்றில் விடுவதை நிறுத்த வேண்டும். அதற்கும் எல்லாப் பஞ்சாயத்தும் ஒரே விதி வைக்க வேண்டும். ஒரு பஞ்சாயத்து அபராதம் போட்டு, அடுத்தது போடாவிட்டால், குப்பை அடுத்த பஞ்சாயத்துக்குத்தான் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் தரும் அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994-இல் வந்தது. 1996-இல் இங்கே மக்கள் திட்டம் தொடங்கியது. அப்போது மாநிலத் திட்டப் பணத்தில் 100 ரூபாய்க்கு 35 முதல் 40 ரூபாய் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பணம் வந்தது. அதோடு பொறுப்பும் வந்தது.

பக்கத்துப் பஞ்சாயத்துகள் சேர்ந்து கூட்டுக் குழு அமைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு திட்டக் குழுவும் உண்டு. மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர்தான் அதன் தலைவர். பஞ்சாயத்துத் திட்டங்களையும் நகராட்சித் திட்டங்களையும் சேர்த்துப் பார்ப்பது அதன் வேலை. தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்றும் அது பார்க்க வேண்டும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? பெரிங்கமலை வாமனபுரம் பிளாக்கில் இருக்கிறது. விதுரா வெள்ளநாடு பிளாக்கில் இருக்கிறது. ஆகவே நம் இரண்டு பஞ்சாயத்தும் ஒரே பிளாக் கூட்டத்தில் உட்காருவது இல்லை. கூட்டுக் குழுவிலோ மாவட்டத்திலோதான் உட்கார்ந்து பேச முடியும். யாராவது கேட்டால்தான் அது நடக்கும்.

நாம் என்ன கேட்கலாம்?

லீவு நாளில் பொன்முடிக்கு எத்தனை வண்டி வருகிறது என்று பாருங்கள். எல்லா வண்டியும் விதுரா வழியாகத்தான் வருகிறது. தண்ணீர் பாட்டில் விதுராக் கடையில் வாங்குகிறார்கள். கல்லாற்றில் குளிக்கிறார்கள். காலிப் பாட்டிலைப் பொன்முடியில் எறிகிறார்கள். மழை அதை மறுபடி கல்லாற்றுக்கே கொண்டுபோகிறது. இதை எந்த ஒரு பஞ்சாயத்தும் தனியாகத் தடுக்க முடியாது. வனத்துறையும் சுற்றுலாத் துறையும் கூட வர வேண்டும்.

கேரளத்தில் கிராம சபை வார்டு வார்டாகக் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். ஓட்டு உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர். அங்கே போய் மூன்று விஷயம் கேளுங்கள்.

ஒன்று: வாமனபுரம் ஆற்றின் மேல்பகுதிக்கு இரண்டு பஞ்சாயத்தும் சேர்ந்து ஒரே குப்பை விதி வைக்க முடியுமா?

இரண்டு: மலையேறும் வண்டிகளிடம் பிளாஸ்டிக்கைக் கீழேயே வாங்கி வைக்க ஏற்பாடு உண்டா? ஹரித கர்ம சேனையின் அக்காமார் சேர்க்கும் பிளாஸ்டிக் எங்கே போகிறது?

மூன்று: புதிய விடுதியோ ஆலையோ வந்தால், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களையும் கேட்பீர்களா?

மலையாளத்தில் பேச வரவில்லையே என்று தயங்க வேண்டாம். தெரிந்த தமிழில் சொல்லுங்கள். மனுவை மலையாளம் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, உங்கள் கையெழுத்தை நீங்களே போடுங்கள். முன்பு கைநாட்டு வைத்த விரல் இப்போது பேனா பிடிக்கிறது. மனு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

அண்டை வீடு நன்றாக இருந்தால்தான் நம் வீட்டுக்கும் நிம்மதி. பஞ்சாயத்துக்கும் அப்படித்தான். 

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எந்த ஓடையில் சேருகிறது? அந்த ஓடை எங்கே போகிறது?

2. விளப்பில்சாலையில் யாரை, எப்போது கேட்டிருக்க வேண்டும்?

3. அடுத்த கிராம சபை என்றைக்கு? உங்கள் மெம்பரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.