வாயிற்காவலரும் வணிகமும்



வணிகத்தில் போட்டி வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஒரே வீதியில் இரண்டு கடைகள் இருந்தால் நிறை சரியாக இருக்கும்; விலை அளவோடு இருக்கும்; வாங்க வருபவருக்கு மரியாதையும் கிடைக்கும். ஒரே கடைதான் என்றால், இம்மூன்றும் கடைக்காரரின் மனத்தைப் பொறுத்தவையாகிவிடும். இந்த எளிய உண்மையைச் சட்டமாக எழுதியதே போட்டிச் சட்டம் எனப்படுவது.

தேயிலையை நம்பி வாழும் மலைநாட்டவராகிய நாம் இவ்வுண்மையைத் தேயிலையின் வரலாற்றிலேயே காணலாம். 1600ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, கிழக்கு நாடுகளோடான ஆங்கில வணிகத்தைத் தன் ஒரு கைக்குள் வைத்திருந்தது. பிற வணிகர் நெடுங்காலம் முறையிட்டதன் பயனாக 1813இல் இந்திய வணிகம் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. ஆயினும் தேயிலையும் சீன வணிகமும் அக்கம்பனியிடமே விடப்பட்டன. மேலும் 20 ஆண்டுகள் கழிந்து 1833இல் இயற்றப்பட்ட சட்டமே அந்த ஏகபோகத்தையும் நீக்கிற்று. பின்னர் அமெரிக்காவில் 1890இல் ஷெர்மன் சட்டம் தோன்றியது. அதைக் கொண்டு 1911இல் ஸ்டாண்டர்ட் ஒயில் என்னும் எண்ணெய்க் கம்பனி 34 கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது.

இன்றைய ஏகபோகம் எண்ணெயிலும் இல்லை; தேயிலையிலும் இல்லை. அது நம் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. தேடுவதற்கு ஒரு தளம், வாங்குவதற்கு ஒரு தளம், செயலிகளைப் பெறுவதற்கு ஒரு தளம், தங்குமிடம் பதிவுசெய்வதற்கு ஒரு தளம் என்று வாழ்க்கையின் பல வாயில்களில் ஒரு சில பெருநிறுவனங்கள் நிற்கின்றன. இவற்றை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ‘வாயிற்காவலர்’ என்றே அழைக்கிறது. பொருத்தமான பெயர்தான். வாயிலைக் காப்பவர் வழிவிட்டால் உள்ளே போகலாம். மறித்தால் வெளியே நிற்க வேண்டும்.

நமது நுவரெலியாவிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏப்பிரல் மாதப் பருவகாலத்தில் இந்நகருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. ஐந்தாறு அறைகள் கொண்ட ஒரு சிறு விருந்தினர் விடுதியை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முன்னாளில் அவர் வீதியோரத்தில் ஒரு பலகை மாட்டினாற் போதும். இன்றோ உலகப் பயணி தம் ஊரில் இருந்தபடியே தொலைபேசியில் அறை தேடுகிறார். ஆகவே விடுதிக்காரர் பெரிய பதிவுத் தளம் ஒன்றில் சேர்கிறார். அறைக்கு 10,000 ரூபாய் வாடகை, தளத்துக்கு அதில் நூற்றுக்குப் பதினைந்து தரகு என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 8,500 ரூபாய். “என்னிடம் நேரே வந்தால் 9,000 ரூபாய்க்குத் தருகிறேன்” என்று அவர் சொன்னால், வருபவருக்கும் இலாபம், அவருக்கும் இலாபம். ஆனால் அவ்வாறு சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தால்? தம் வீட்டு அறைக்குத் தாமே விலை சொல்லும் உரிமையை அவர் இழக்கிறார் அல்லவா?

இது வெறும் கற்பனையன்று. இதனைச் சமவிலை வாசகம் என்பர். புக்கிங் டொட் கொம் என்னும் தளம் இத்தகைய வாசகத்தை வைத்திருந்தது பற்றி ஜெர்மனியில் பெரும் வழக்கு நடந்தது. அந்நாட்டுப் போட்டி அதிகாரசபை 2015 டிசம்பரில் அவ்வாசகத்தைத் தடைசெய்தது. இடையில் ஒரு நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. 2021 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடையே சரியென முடிவுசெய்தது. 2024 ஜூலையில் ஸ்பெயின் நாட்டுப் போட்டி ஆணைக்குழு, வேறு சில ஒப்பந்த நிபந்தனைகளையும் சேர்த்து ஆராய்ந்து, அதே நிறுவனத்துக்கு 41 கோடி யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது.

வழக்குகள் இவ்வளவு காலம் நீள்வதைக் கண்டே ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் எண்ணிமச் சந்தைகள் சட்டத்தை இயற்றியது. தவறு நடந்தபின் ஆண்டுக்கணக்கில் விசாரிப்பது பழைய முறை. வாயிற்காவலர் எவர், அவர் செய்யத்தக்கது எது, தகாதது எது என்று முன்கூட்டியே வரையறுப்பது புதிய முறை. 2023 செப்டெம்பரில் அல்பபெட், அமேசன், அப்பிள், பைட்டான்ஸ், மெற்றா, மைக்ரோசொவ்ற் என்னும் ஆறு நிறுவனங்களும், 2024 மே மாதத்தில் புக்கிங் நிறுவனமும் வாயிற்காவலர் எனப் பெயர் குறிக்கப்பட்டன. வாயிற்காவலர் தம் சொந்தப் பொருளைப் பிறர் பொருளுக்கு மேலாகத் தேடற் பட்டியலில் வைக்கலாகாது. தம் தளத்தில் விற்கும் வணிகர் தமது சொந்தத் தளத்தில் குறைந்த விலைக்கு விற்பதைத் தடுக்கலாகாது. மீறினால் உலக வருமானத்தில் நூற்றுக்குப் பத்துவரை தண்டம். 2025 ஏப்பிரலில் அப்பிளுக்கு 50 கோடி யூரோவும் மெற்றாவுக்கு 20 கோடி யூரோவும் இச்சட்டத்தின்படி விதிக்கப்பட்டன.

இனி நம் மொழி பேசும் அயல்நாட்டுக்கு வருவோம். சென்னையிலிருந்து நடைபெறும் பாரத் மேட்ரிமோனி என்னும் திருமணத் தகவல் நிறுவனத்தைப் பலரும் அறிவீர்கள். கூகிள் தன் தேடுதளத்தின் வலிமையைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று அந்நிறுவனம் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. நுகர்வோர் அமைப்பு ஒன்றும் அவ்வாறே முறையிட்டது. 2018 பெப்ருவரியில் தீர்ப்பு வந்தது. விளம்பரங்கள் தொடர்பான குற்றச்சாட்டுகளை ஆணையம் ஏற்கவில்லை. ஆயினும், விமானப் பயணம் தேடுவோரின் கண்முன் கூகிள் தன் சொந்தச் சேவையை முன்னிறுத்தியது முறையன்று எனக் கண்டு, 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. கூகிள் அதனை எதிர்த்து மேன்முறையீடு செய்தது.

இங்கே கவனிக்க வேண்டியது தண்டத்தின் தொகையன்று, குற்றத்தின் இயல்பு. கொழுந்து பறிப்பவர் அதை நிறுக்கும் தராசை நம்பித்தான் வாழ வேண்டும். தராசு பிடிப்பவருக்கே தட்டின் ஒரு பக்கத்தில் பங்கிருந்தால், முள் நேரே நிற்கும் என்று எப்படி நம்புவது? தேடுதளம் ஒரு தராசு. அதைப் பிடிப்பவரே பொருள் விற்பவராகவும் இருப்பதுதான் சிக்கல்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2024 மார்ச் மாதத்தில், செயலிக் கடையின் கட்டண விதிகளைப் பின்பற்றவில்லை என்று கூறி, அதே சென்னை நிறுவனத்தின் செயலிகள் உட்படப் பல இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து நீக்கியது. இந்திய அரசு தலையிட்டபின் சில நாட்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. கட்டணம் கேட்பது முறையா இல்லையா என்பது வழக்காடத்தக்க விடயமே. அந்நிறுவனங்கள் நீதிமன்றத்தில் முன்னரே தோல்வியும் கண்டிருந்தன. ஆனால் ஆண்டுக்கணக்கில் கட்டியெழுப்பிய ஒரு வணிகம் ஒரே நாளில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படலாம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அப்படியானால் அத்தளத்தை விட்டுப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல நம் மலைநாட்டின் பழைய துண்டு முறையை நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு தோட்டத்தைவிட்டு வேறு தோட்டம் போக விரும்பிய கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இவர்கள் பேரில் இன்ன தொகை கடன் நிற்கிறது, அதைக் கட்டுபவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். தொழிலாளி எங்கு போனாலும் கடனும் கூடவே போயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது. அன்று நம் முன்னோர் பட்ட துன்பத்தையும் இன்றைய வணிகரின் இடரையும் ஒன்றென்று சொல்வது முன்னோரைச் சிறுமைப்படுத்துவதாகும். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு பாடம் பொதுவானது: விட்டுப் போகும் வழி அடைபட்டவனுக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. விடுதிக்காரரைப் பற்றிப் பத்தாண்டுகளாக விருந்தினர் எழுதிய நற்சொற்களெல்லாம் தளத்திலேயே தங்கிவிடுகின்றன. அவர் வெளியேறினால் தேடிய நற்பெயரை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வர வேண்டும். கடன் கூடவே வந்தது அக்காலத் தளை. நற்பெயர் கூட வராதது இக்காலத் தளை.

பெருநிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவை இல்லையேல் நுவரெலியாவின் சிறு விடுதியை வெளிநாட்டவர் கண்டிருக்க மாட்டார். தேடுதளத்துக்கு நாம் ஒரு சதமும் கொடுப்பதில்லை. பெரியதாய் வளர்ந்தது குற்றமன்று. நன்றாய் உழைத்து வளர்ந்ததற்குத் தண்டனை கூடாது. வளர்ந்தபின் பிறர் வளரும் வழியை அடைப்பதே குற்றம். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று கூகிளைத் தேடுதற் சேவையில் ஏகபோகம் எனக் கண்டபோதும் இவ்வேறுபாட்டையே வற்புறுத்தியது. தன்னையே முதல் தேடுதளமாக வைப்பதற்காக அந்நிறுவனம் 2021இல் மட்டும் 2,600 கோடி டொலருக்கு மேல் பிறருக்குக் கொடுத்தது அவ்வழக்கில் வெளிப்பட்டது.

நம் நாட்டின் நிலை என்ன? 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் நியாயமான வர்த்தக ஆணைக்குழு அமைந்தது. ஏகபோகங்களையும் கம்பனிகளின் இணைப்பையும் ஆராயும் அதிகாரம் அதற்கு இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதை நீக்கி, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை ஏற்படுத்தியது. போட்டிக்கு எதிரான நடத்தையை விசாரிக்கும் அதிகாரம் இச்சபைக்குத் தரப்பட்டது. ஆனால் இணைப்புகளை முன்கூட்டி ஆராயும் ஏற்பாடு அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. கைத்தொலைபேசிக்குள் சந்தை புகுமுன் எழுதப்பட்ட சட்டம் அது. ஐரோப்பியச் சட்டமோ ஐரோப்பிய எல்லைக்குள்தான் செல்லும். பாரிஸ் நகரத்து விடுதிக்காரர் பெற்ற உரிமை நுவரெலியா விடுதிக்காரருக்குத் தானே வந்து சேராது.

சிறு நாடு பெருநிறுவனத்தோடு மோத முடியுமா என்று சிலர் தயங்குவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. சமவிலை வாசகம் செல்லாது என்று ஒரு பிரிவு எழுதலாம். ஒரு வணிகரை நீக்குமுன் காரணம் கூறி முன்னறிவித்தல் வேண்டும் என்று மற்றொரு பிரிவு எழுதலாம். அயல்நாடுகளோடு சேர்ந்து கேட்டால் குரல் இன்னும் உரக்கக் கேட்கும். சட்டம் வரும்வரை நாமும் வாளா இருக்கலாகாது. விடுதி நடத்துவோர் தம் விருந்தினர் பெயரேட்டைத் தாமே பேணட்டும். ஒப்பந்தத்தைப் படித்தபின் ஒப்பமிடட்டும். ஒரே வாயிலை மட்டும் நம்பாமல் ஊரிலுள்ளோர் கூடித் தமக்கென ஒரு வாயிலும் அமைக்கட்டும்.

நம் பாடசாலைகளில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் நாளை இத்தளங்களின் வழியே தொழில் தேடப் போகிறார்கள். அவர்களுக்குக் கணினியை இயக்கக் கற்பித்தால் மட்டும் போதாது. வாயில் யாருடையது, திறவுகோல் யாரிடம் இருக்கிறது, வெளியேற வழி உண்டா என்று கேட்கவும் கற்பிக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவரை எந்த வாயிற்காவலரும் எளிதில் மறித்துவிட முடியாது.